உங்கள் வீட்டுக்கு எந்த சிம் சரி? சிக்னலும் செலவும் பார்த்து முடிவு செய்ய ஒரு வழிகாட்டி

“எந்த நெட்வொர்க் நல்லது?” என்று நம் ஊரில் பத்துப் பேரிடம் கேட்டால் பத்து விதமான பதில் வரும். ஒருவர் ஜியோ என்பார். இன்னொருவர், ஏர்டெல்லை விட்டால் வேறு எதுவும் எடுப்பதில்லை என்பார். மூன்றாமவர், விலை ஏறிய பிறகு பிஎஸ்என்எல்லுக்கு மாறிவிட்டதாகச் சொல்வார். மூவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அது அவரவர் வீட்டுக்கு உண்மை. அடுத்த தெருவில் உள்ள உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இன்று கைபேசி எண் பேசுவதற்கு மட்டும் இல்லை. வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் பதிவு, பிள்ளைகளின் பள்ளித் தகவல், வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன. பெரியவர்கள் மட்டும் தனியாக இருக்கும் வீடுகள் நம் ஊர்களில் அதிகம். இரவில் நெஞ்சு வலி என்றால் 108-ஐ அழைக்க அந்த வீட்டின் உள் அறையில் சிக்னல் இருக்க வேண்டும். அதனால் விளம்பரத்தையோ பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதையோ வைத்து முடிவு செய்யாமல், நாமே சோதித்துப் பார்த்து, கணக்குப் போட்டு முடிவு செய்வது நல்லது. அதற்கான வழிகளை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நான்கு நிறுவனங்கள், நான்கு விதம்

தமிழ்நாட்டில் இப்போது ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் ஆகிய நான்கு நிறுவனங்கள் சேவை தருகின்றன. காரைக்கால் உள்ளிட்ட புதுச்சேரிப் பகுதியும் இதே தொலைத்தொடர்பு வட்டத்தில்தான் வருகிறது.

ஜியோ 2016 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கு 2ஜி, 3ஜி சேவை கிடையாது. 4ஜி, 5ஜி மட்டுமே. அதனால் பழைய பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. அந்த நிறுவனமே விற்கும் 4ஜி பட்டன் போன் அல்லது வோல்ட்டி வசதியுள்ள போன் வேண்டும்.

ஏர்டெல் 3ஜியை நிறுத்திவிட்டது. ஆனால் 2ஜி சேவையை வைத்திருக்கிறது. பழைய பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இது முக்கியமான விஷயம்.

வி என்பது வோடபோனும் ஐடியாவும் 2018-இல் இணைந்து உருவான நிறுவனம். 2020 செப்டம்பர் முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. இதிலும் 2ஜி உண்டு. நகரங்களில் ஒரு மாதிரியும் சிறிய ஊர்களில் வேறு மாதிரியும் இதன் சிக்னல் இருக்கலாம். சோதிக்காமல் மாறக் கூடாத நிறுவனங்களில் இதுவும் ஒன்று.

பிஎஸ்என்எல் மத்திய அரசின் நிறுவனம். 2024 ஜூலையில் மற்ற மூன்று நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்தியபோது இது உயர்த்தவில்லை. அதனால் நாடு முழுவதும் பலர் இதற்கு மாறினார்கள். 4ஜியில் மிகவும் பின்தங்கியிருந்த இந்நிறுவனம், உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைத்த 97,500-க்கும் மேற்பட்ட கோபுரங்கள் 2025 செப்டம்பர் 27 அன்று தொடங்கி வைக்கப்பட்டன. இதில் கவனிக்க வேண்டியது உங்கள் போன். பிஎஸ்என்எல் தன் 4ஜியை 700 மெகாஹெர்ட்ஸ், 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் தருகிறது. 700 மெகாஹெர்ட்ஸ் என்பது போன்களின் விவரக் குறிப்பில் ‘பேண்ட் 28’ என்று இருக்கும். சில பழைய போன்களில் இது இருக்காது. அப்படிப்பட்ட போனில், கோபுரம் அருகில் இருந்தாலும் அந்த அலைவரிசையின் 4ஜி கிடைக்காது. “பிஎஸ்என்எல் சரியில்லை” என்று சொல்லும் சிலருக்கு உண்மையில் போன்தான் காரணமாக இருக்கலாம்.

வாசலில் நான்கு கோடு, அறைக்குள் ஒன்றுமில்லை. ஏன்?

நம் ஊர்களின் வீட்டு அமைப்பு தனி. குறுகலான சந்து, நெருக்கமான சுவர்கள், முன்புறம் சிறிதாகவும் பின்புறம் நீண்டும் போகும் பழைய வீடுகள், அதற்கு மேல் கான்கிரீட் மாடி. வாசலில் வரும் சிக்னல் நடுவீட்டைத் தாண்டுவதற்குள் பாதியாகிவிடும்.

இதற்கு அலைவரிசையும் ஒரு காரணம். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும். ஆனால் ஒரே நேரத்தில் அதிகம் பேருக்கு வேகம் தர அவற்றால் முடியாது. 2300, 3300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகள் வேகம் தரும். ஆனால் சுவரில் தட்டுப்பட்டுப் போகும். 5ஜியின் பெரும் பகுதி இந்த உயர்ந்த அலைவரிசையில்தான் வருகிறது. மொட்டை மாடியில் பறக்கும் 5ஜி, கீழே சமையலறையில் காணாமல் போவது இதனால்தான். எனவே ‘5ஜி வந்துவிட்டது’ என்பதை மட்டும் வைத்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இன்னொரு காரணம் நெரிசல். ஒரு கோபுரத்தின் திறனை அதன் எல்லையில் உள்ள அனைவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். காலை 11 மணிக்கு நன்றாக ஓடும் வீடியோ, இரவு 9 மணிக்குச் சுற்றிக்கொண்டே நிற்கும். கோடுகள் முழுதாக இருந்தும் இணையம் நகரவில்லை என்றால் அது பெரும்பாலும் சிக்னல் குறைவல்ல, நெரிசல்.

வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது, ஆனால் அறைக்குள் சிக்னல் இல்லை என்றால் ‘வைஃபை காலிங்’ வசதியைப் பாருங்கள். வீட்டு வைஃபை வழியாகவே சாதாரண அழைப்பு போகும், வரும். இதை ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கின. தனிக் கட்டணம் இல்லை. போனின் செட்டிங்ஸில் ‘வைஃபை காலிங்’ என்பதை இயக்கினால் போதும். எல்லாப் போன்களிலும் இந்த வசதி இருக்காது. இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனம் மாறும் எண்ணத்தில் இருப்பவர்களில் சிலருக்கு இந்த ஒரு பொத்தானே போதுமானதாக இருக்கும். ஆனால் மின்சாரம் போனால் மோடமும் நின்றுவிடும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

சிக்னல் கூட்டித் தரும் என்று இணையத்தில் விற்கப்படும் ‘பூஸ்டர்’ கருவியை வாங்கி மாட்ட வேண்டாம். அனுமதியின்றி அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அது சுற்றியுள்ள வீடுகளின் சிக்னலையும் கெடுக்கும். அதேபோல, பள்ளிவாசலிலோ மதரஸாவிலோ போன் அடிக்காமல் இருக்கட்டும் என்று ‘ஜாமர்’ வைப்பதற்கும் அனுமதி இல்லை. இவ்விரண்டு கருவிகளைப் பற்றியும் மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் எச்சரிக்கை வெளியிட்டுள்ளது. ஜாமர் அவசர அழைப்பையும் சேர்த்துத்தான் தடுக்கும். போனை அணைக்கச் சொல்லும் அறிவிப்புப் பலகையே போதும்.

மாறுவதற்கு முன் சோதிப்பது எப்படி?

எண் மாறாமல் நிறுவனம் மாறிவிட்டால், அடுத்த 90 நாட்களுக்கு மீண்டும் மாற முடியாது. தவறாகத் தேர்ந்தெடுத்தால் மூன்று மாதம் அதிலேயே இருக்க வேண்டும். எனவே சோதனைக்கு ஒரு வாரம் ஒதுக்குவது வீண் வேலை இல்லை.

முதலில் வரைபடம். 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ட்ராய் விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி எங்கெங்கே கிடைக்கிறது என்ற வரைபடத்தைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதில் உங்கள் தெருவைப் பாருங்கள். அரசின் ‘தரங் சஞ்சார்’ தளத்தில் அருகில் எந்த நிறுவனத்தின் கோபுரங்கள் உள்ளன என்றும் பார்க்கலாம். வரைபடம் வீட்டுக்கு வெளியே உள்ள நிலையைத்தான் சொல்லும். உள்ளே என்ன நிலை என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது நேரடிச் சோதனை. ஒரே போனில், வெவ்வேறு நிறுவனங்களின் சிம்மை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். போன் மாறினால் ஒப்பீடு சரியாக வராது. சொந்தக்காரர்களின் சிம்மைச் சிறிது நேரம் வாங்கிப் போடலாம். அல்லது குறைந்த விலை ப்ரீபெய்ட் சிம் ஒன்றை ஒரு மாதத்துக்கு வாங்கி இரண்டாவது சிம்மாகப் போட்டுக்கொள்ளலாம்.

கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்ட வேண்டும் என்பதற்குப் பொது அளவு எதுவும் இல்லை, ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் விருப்பப்படி காட்டுகிறது. எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னலின் வலிமை மைனஸ் எண்ணாக இருக்கும். அதன் பக்கத்தில் டிபிஎம் என்ற அலகு இருக்கும். 4ஜிக்கு இதை ஏறக்குறைய இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

மைனஸ் 80 முதல் மைனஸ் 95 வரை: நல்ல சிக்னல்.
மைனஸ் 95 முதல் மைனஸ் 110 வரை: சமாளிக்கலாம்.
மைனஸ் 110-ஐத் தாண்டி மைனஸ் 115, 120 என்று போனால்: பேச்சு அறுந்து அறுந்து வரும், பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

எண் பூஜ்ஜியத்தை நோக்கி வர வர நல்லது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இதை வீட்டின் மூன்று இடங்களில் எடுங்கள்: பெரியவர்கள் தூங்கும் அறை, சமையலறை, பிள்ளைகள் படிக்கும் இடம். மூன்று வேளைகளில் எடுங்கள்: காலை, மதியம், இஷாவுக்குப் பின் இரவு 9 மணி வாக்கில். ஒவ்வொரு முறையும் ஒரு அழைப்பு செய்து இரண்டு நிமிடம் பேசுங்கள். ‘ட்ராய் மைஸ்பீட்’ செயலியில் வேகத்தையும் பார்த்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். மின்சாரம் போகும் ஒரு நாளில் மறக்காமல் ஒரு முறை பாருங்கள். கோபுரத்தின் பேட்டரியோ ஜெனரேட்டரோ சரியில்லாத இடத்தில், மின்சாரம் போன சிறிது நேரத்தில் சிக்னலும் போய்விடும். வாங்கிய பிறகு பலரும் கண்டுபிடிக்கும் குறை இது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தனுஷ்கோடி, ராமேஸ்வரம் பக்கம் போனால் போனில் இலங்கை நிறுவனத்தின் சிக்னல் ஏறுவது உண்டு. அப்போது வெளிநாட்டு ரோமிங் கட்டணம் விழக்கூடும். ‘டேட்டா ரோமிங்’கை நிறுத்தி, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து உங்கள் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள்.

விலையை நாள் கணக்கில் பாருங்கள்

ரீசார்ஜ் விலையைப் பார்த்து ஒப்பிடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எந்தத் திட்டமாக இருந்தாலும் விலையை நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

பெரும்பாலான ‘மாதாந்திர’ திட்டங்கள் 28 நாட்களுக்குத்தான். ஒரு திட்டம் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 300 என்றால் வருடத்துக்கு 3,600 என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் 28 நாளுக்கு ஒரு முறை என்றால் வருடத்தில் 13 முறை, அதாவது 3,900 ரூபாய். இந்தக் குறைக்காகவே, 30 நாட்களுக்கான திட்டம் ஒன்றும் ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் ட்ராய் உத்தரவிட்டது. விளம்பரத்தில் முன்னால் இருக்காது. செயலியில் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, தேவையில்லாத டேட்டா. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று தரும் திட்டங்களில், மீதம் இருப்பது நள்ளிரவோடு போய்விடும். வாட்ஸ்அப்பில் நான்கு குரல் பதிவு கேட்கும் பெரியவருக்கு அந்தத் திட்டம் தண்டச் செலவு. 2024 டிசம்பரில் ட்ராய் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டியிருக்கிறது. 2025 தொடக்கத்தில் இப்படி வந்த 84 நாள் திட்டங்கள் ஏர்டெல்லில் 469 ரூபாயாகவும் ஜியோவில் 448 ரூபாயாகவும் இருந்தன. நாளுக்கு ஏறத்தாழ ஐந்தரை ரூபாய். விலை அவ்வப்போது மாறும் என்பதால், ரீசார்ஜ் செய்யும் அன்று ட்ராயின் கட்டண ஒப்பீட்டுத் தளத்திலும் நிறுவனத்தின் செயலியிலும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்லும் திட்டத்தோடு நின்றுவிட வேண்டாம்.

ஒரு குடும்பக் கணக்கைப் பார்ப்போம். வீட்டில் ஐந்து போன். ஒவ்வொன்றுக்கும் 28 நாளுக்கு 300 ரூபாய். வருடத்துக்கு 19,500. ஏற்கெனவே மாதம் 590 ரூபாயில் பிராட்பேண்டும் இருக்கிறது, அது 7,080. மொத்தம் 26,580 ரூபாய். இதில் மூன்று பேர் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பவர்கள். அவர்களைப் பேச்சுக்கு மட்டுமான திட்டத்துக்கு மாற்றினால், நாளுக்கு ஐந்தரை ரூபாய் வீதம் ஒருவருக்கு வருடத்துக்குச் சுமார் 2,000. மூவருக்கு 6,000. வெளியே செல்லும் இருவருக்கு 7,800. பிராட்பேண்டுடன் சேர்த்து 20,880. வருடத்துக்கு 5,700 ரூபாய் மிச்சம்.

பிராட்பேண்ட் இல்லாத வீட்டில், இந்த மிச்சத்துக்காகவே புதிதாக அதைப் போட்டால் கணக்கு உதைக்கும். 19,500 கட்டிக்கொண்டிருந்தவர் 20,880 கட்ட வேண்டி வரும். பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் தேவை இருந்தால் போடலாம். மிச்சம் பிடிக்க என்று போட வேண்டாம்.

யாருக்கு எது?

ஒரே வீட்டில் இருந்தாலும் எல்லோருடைய தேவையும் ஒன்றல்ல.

உம்மா, வாப்பா, பாட்டி, அப்பா போன்ற பெரியவர்களுக்கு வேகம் முக்கியமில்லை. படுக்கை அறையில் அழைப்பு தடையில்லாமல் வர வேண்டும். சோதனைத் தாளில் அந்த அறைக்கு எது முதலிடமோ அதுவே அவர்களுக்கு. பழைய பட்டன் போன் என்றால் 2ஜி உள்ள நிறுவனம் வேண்டும். நீண்ட நாள் திட்டமாகப் போட்டுவிட்டால் ரீசார்ஜ் தேதியை அவர்கள் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு நம் ஊரின் சிக்னலை வைத்து சிம் எடுத்துக் கொடுப்பதில் பயன் இல்லை. அந்த விடுதியில் ஏற்கெனவே தங்கியிருக்கும் மாணவர்களைக் கேளுங்கள். வருடத்தில் பத்து மாதம் அங்கேதானே இருக்கப் போகிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சபராளிகளுக்கு இந்திய எண் பெரும்பாலும் ஓடிபி வாங்கத்தான். விமானம் ஏறும் முன்பே சர்வதேச ரோமிங்கை இயக்கி வைக்க வேண்டும். அங்கே போன பிறகு இயக்குவது சிரமம். ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்தி வையுங்கள். ரீசார்ஜ் தேதி தவறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாய் இருப்பும் இல்லாமல் இருந்தால் எண்ணைத் துண்டிக்க நிறுவனத்துக்கு இடம் உண்டு. துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாட்கள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். உங்கள் வங்கிக் கணக்கு அப்போதும் அந்த எண்ணோடு இணைந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பல வங்கிகள் வெளிநாடு வாழ் இந்தியர்களின் கணக்கில் வெளிநாட்டு எண்ணையே பதிவு செய்ய அனுமதிக்கின்றன. அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் எண்ணோடு யுபிஐ பயன்படுத்தவும் 2023 ஜனவரியில் வழி திறக்கப்பட்டது. உங்கள் வங்கியில் இவை உண்டா என்று கேட்டுக்கொண்டால், ஒரு சிம்மை உயிரோடு வைத்திருக்கும் கவலை குறையும்.

ஹஜ், உம்ராவுக்குச் செல்பவர்கள் இந்திய சிம்மை ஓடிபிக்காக வைத்துக்கொண்டு, பேசுவதற்கும் இணையத்துக்கும் சவூதி சிம் வாங்குவது பெரும்பாலும் மலிவு. கைரேகை வைத்துத்தான் அங்கே சிம் தருவார்கள். குழுவில் ஒருவர் பெயரில் வாங்கி மற்றவர்களுக்குக் கொடுக்காமல், அவரவர் பாஸ்போர்ட்டில் வாங்குவதே சரி. சில நாட்களுக்கு மட்டும் என்றால் நம் நிறுவனத்தின் ரோமிங் பேக்கையும் அந்த சிம்மின் விலையையும் நாள் கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிம் யார் பெயரில் இருக்கிறது?

நம் குடும்பங்களில் அதிகம் கவனிக்கப்படாத விஷயம் இது. மனைவி பயன்படுத்தும் சிம் கணவர் பெயரில் இருக்கும். அவர் வெளிநாட்டில் இருப்பார். போன் தொலைந்து புது சிம் எடுக்க வேண்டும் என்றாலும், வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டும் என்றாலும் பெயருக்கு உரியவர்தான் ஆதாரத்தோடு வர வேண்டும். அவர் அடுத்து ஊர் வரும்வரை வேலை நிற்கும். எனவே அவர் விடுமுறையில் வந்திருக்கும்போதே, நிறுவனத்தின் கிளைக்குச் சென்று யார் பயன்படுத்துகிறாரோ அவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதன் பிறகு போர்ட் செய்யுங்கள். பெயர் மாற்றம் பாதியில் இருக்கும்போது போர்ட் செய்ய விட மாட்டார்கள்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கின்றன என்பதை அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்க்கலாம். ஒருவர் பெயரில் 9 வரை இருக்கலாம். நீங்கள் வாங்காத எண் ஏதாவது அதில் இருந்தால் அங்கேயே புகார் செய்து துண்டிக்கச் சொல்லுங்கள். யாரோ செய்யும் மோசடிக்கு நம் பெயர் போய் நிற்கக் கூடாது.

வீடு முழுவதும் ஒரே நிறுவனம் வேண்டாம்

2018 பிப்ரவரி வாக்கில் ஏர்செல் சிக்னல் நின்றபோது தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் தவித்தது பலருக்கும் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் தொடங்கிய அந்த நிறுவனத்தையே வீடு முழுவதும் வைத்திருந்தவர்கள், ஒரே நாளில் யாரோடும் பேச முடியாமல் போனார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் பல நாட்கள் சீராகவில்லை. வெளிநாட்டில் இருந்தவர்கள் குடும்பத்தின் நிலை தெரியாமல் பதறினார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோதும் இதே நிலைதான்.

இப்படிப்பட்ட நேரத்தில் எந்த நிறுவனத்தின் கோபுரம் முதலில் உயிர் பெறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனவே வீட்டில் குறைந்தது இரண்டு நிறுவனங்களின் சிம் இருக்கட்டும். ஐந்து பேரும் தனித்தனியாக இரண்டு சிம் வைக்க வேண்டியதில்லை. மூவரிடம் ஒன்று, இருவரிடம் மற்றொன்று என்று இருந்தாலே போதும். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், ஒரே போனில் இரண்டு நிறுவனங்களின் சிம்மைப் போட்டு வையுங்கள். அந்த இரண்டாவது சிம்முக்கு ஆகும் செலவு வீணல்ல.

எண் மாறாமல் நிறுவனம் மாற

நாடு முழுவதும் 2011 ஜனவரி 20 முதல் இந்த வசதி இருக்கிறது. செய்ய வேண்டியவை:

1. இப்போதைய நிறுவனத்தில் 90 நாட்கள் முடிந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்ட் என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது.
2. ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணை அடித்து 1900 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். அது தமிழ்நாட்டில் 4 நாட்களுக்குச் செல்லும்.
3. அந்தக் குறியீட்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குச் செல்லுங்கள். குறியீட்டை வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம்.
4. மாநிலத்துக்குள் என்றால் 3 வேலை நாட்களிலும், வேறு மாநிலத்து எண் என்றால் 5 வேலை நாட்களிலும் மாறும். அதுவரை பழைய சிம்மைக் கழற்ற வேண்டாம்.

பழைய சிம்மில் இருக்கும் பேலன்ஸும் மீதமுள்ள நாட்களும் புதிய நிறுவனத்துக்கு வராது. எனவே ரீசார்ஜ் முடியும் வாரத்தில் தொடங்குங்கள். வருடத் திட்டம் போட்ட மறுமாதம் மாறுவது நஷ்டம். சிம் தொலைந்து புதிய சிம் வாங்கியிருந்தால், 2024 ஜூலை முதல் உள்ள விதிப்படி 7 நாட்கள் கழித்துத்தான் குறியீடு கிடைக்கும். மாறும் நாட்களில் சில மணி நேரம் எண் இயங்காது. விமான டிக்கெட், பள்ளிக் கட்டணம், பணப் பரிமாற்றம் போன்ற ஓடிபி தேவைப்படும் வேலைகளை முன்பே முடித்துவிடுங்கள்.

இருக்கும் நிறுவனத்திலேயே சரி செய்ய

மாறுவதற்கு முன் புகாரும் செய்து பார்க்கலாம். கட்டணமில்லா எண் 198-இல் புகார் சொல்லி, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். “சிக்னல் இல்லை” என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தத் தெரு, எந்த நேரம், எத்தனை டிபிஎம் என்று சொன்னால் அவர்களால் தட்டிக்கழிப்பது கடினம். நீங்கள் எடுத்த சோதனைத் தாள் இங்கே உதவும். பதில் திருப்தி தரவில்லை என்றால் 30 நாட்களுக்குள் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். தனிநபர் புகார்களை ட்ராய் நேரடியாகத் தீர்ப்பதில்லை. ஆனால் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஒரு தெருவே சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தால், ஜமாஅத் அல்லது குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் இருபது முப்பது வீடுகளின் விவரத்தோடு எழுதிக் கொடுங்கள். தனி ஒருவரின் புகாரைவிட அதற்கு வலு அதிகம்.

சுருக்கமாக

முதலில் உள் அறையில் எண்ணைப் பாருங்கள். இரவு 9 மணிக்கும் மின்சாரம் போன நேரத்திலும் பேசிப் பாருங்கள். பிறகு விலையை நாள் கணக்கில் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் தேவையான திட்டத்தை மட்டும் போடுங்கள். வீட்டில் இரண்டு நிறுவனங்கள் இருக்கட்டும். சிம் பயன்படுத்துபவர் பெயரிலேயே இருக்கட்டும். நிறுவனங்களின் விலையும் சிக்னலும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், வருடத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பது நல்லது. வெளிநாட்டில் இருக்கும் மகனோ கணவரோ விடுமுறையில் ஊர் வரும் நாட்கள் இதற்கு ஏற்ற நேரம்.